மின் கம்பெனியின் லாபமும் கைக்கு வந்த பணமும்

(நம் சங்கக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பி பிளாக் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், ஃபிக்சட் டெபாசிட் ஒன்று அடுத்த மாதம் முதிர்கிறது. கரண்ட் இல்லாமல் யாராலும் இருக்க முடியாது, மின்சாரக் கம்பெனி ஷேரில் போட்டால் பயமே இல்லை, டிவிடெண்டும் வரும் என்கிறான் என் பையன். சரிதானா?" படியில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் செயலாளரிடம் கேட்டு இன்று அரை மணி நேரம் வாங்கியிருக்கிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். செபியில் பதிவு செய்த ஆலோசகர் இல்லை. இதை வாங்குங்கள், அதை விற்றுவிடுங்கள் என்று என் வாயிலிருந்து வராது. இரண்டாவது, உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் கம்பெனியில் எனக்கும் கொஞ்சம் ஷேர் உண்டு.

அந்தக் கம்பெனி என்எல்சி இந்தியா. நம்மில் பாதிப் பேருக்கு இன்னமும் அது நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன்தான். 2016-ல் பெயரை மாற்றினார்கள். பழுப்பு நிலக்கரியைத் தோண்டி, அதை எரித்து, மின்சாரமாக்கி விற்கிறது. ஆனால் சில்லறை வியாபாரம் கிடையாது. நம் வீட்டுக்கு பில் அனுப்புவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். நெய்வேலியின் வாடிக்கையாளர்கள் அதைப் போன்ற மாநில மின் வாரியங்கள்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாமல் வாழ முடியாதவர்கள் நாம். ஆனால் நெய்வேலிக்குப் பணம் தர வேண்டியவர்கள் நாம் இல்லை, வாரியங்கள்.

இப்படிப்பட்ட கம்பெனிக்கு லாபம் எப்படி வருகிறது? சோப்புக் கம்பெனி மாதிரி அதிகம் விற்று அதிகம் சம்பாதிப்பது இல்லை. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை விதி போடுகிறது. இப்போது நடப்பது 2024 முதல் 2029 வரைக்கானது. ஒரு மின் நிலையம் கட்ட 10,000 கோடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். அதில் 7,000 கோடி கடன், 3,000 கோடி சொந்த முதல் என்று ஆணையம் கணக்கு வைக்கும். சொந்த முதலுக்கு வரி போக 15.5 சதவீதம் வருமானம் அனுமதி, அதாவது ஆண்டுக்கு 465 கோடி. கடனுக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்புச் செலவு, எல்லாம் சேர்த்து நிலைக் கட்டணம் என்று வாரியங்களிடம் வசூலிக்கலாம். எரிபொருள் செலவு தனி, அதையும் ஆணையம் வகுத்த அளவுப்படி வாங்கிக்கொள்ளலாம். நிலையத்தை ஓட்டத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பொதுவாக அனல்மின் நிலையத்துக்கு 85 சதவீதத் தயார்நிலை. சில பழைய நிலையங்களுக்கும் லிக்னைட் நிலையங்களுக்கும் அதைவிடக் குறைவு. அந்த அளவுக்குக் கீழே போனால் கட்டணத்தை வெட்டிவிடுவார்கள். ஆகவே ஆண்டறிக்கையில் எவ்வளவு யூனிட் உற்பத்தி என்று பார்ப்பதைவிட, தயார்நிலை எவ்வளவு என்று நிலையம் நிலையமாகப் பாருங்கள்.

"வருவாய் கணிசமாக உயர்வு" என்று பேப்பரில் தலைப்பு வந்தால் நான் அசைவதில்லை. எரிபொருள் விலை ஏறினாலும் வருவாய் ஏறும். அது ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுப்பது.

15.5 சதவீதம் என்றதும் சிலர் முகம் மலர்வது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அது கம்பெனி போட்ட முதலுக்கு. நீங்கள் போடும் முதலுக்கு இல்லை. ஒரு ஷேரின் புத்தக மதிப்பு 100 ரூபாய், சந்தையில் விலை 200 என்றால், உங்கள் பணத்தின் மேல் அது 7.75 சதவீதம்தான். அதில் பாதியை டிவிடெண்டாகக் கொடுத்தால் நாலு சதவீதத்துக்கும் கீழே. மீதியைக் கம்பெனி புதிய நிலையங்களில் போட்டு அதற்கும் வருமானம் பெற்றால் வளர்ச்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புதிய நிலையம் நேரத்துக்கு ஓட வேண்டும்.

இங்கேதான் பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரியைப் பார்க்கச் சொல்கிறேன்: கேப்பிட்டல் ஒர்க் இன் ப்ராக்ரஸ், அதாவது கட்டி முடிக்காத வேலை. ஆணையத்தின் 15.5 சதவீதம் நிலையம் வணிக உற்பத்தியைத் தொடங்கும் நாளிலிருந்துதான் கிடைக்கும். அதுவரை போட்ட பணம் சும்மா உட்கார்ந்திருக்கும். கட்டுமானக் கால வட்டியும் அதன் தலையிலேயே ஏறிக்கொண்டிருக்கும். நெய்வேலியின் புதிய அனல்மின் நிலையத்துக்கு 2011-ல் ஒப்புதல் கிடைத்தது. முதல் 500 மெகாவாட் ஓடத் தொடங்கியது 2019 டிசம்பரில், இரண்டாவது 2021 பிப்ரவரியில். உத்தரப் பிரதேசத்தில் காட்டம்பூரில் 1,980 மெகாவாட் திட்டம். 2016-ல் ஒப்புதல், முதல் அலகின் வணிக உற்பத்தி 2024 டிசம்பரில். தாமதம் கம்பெனியின் கையில் இருந்த காரணத்தால் என்று ஆணையம் நினைத்தால், அந்தக் கால வட்டியைத் திட்டச் செலவில் சேர்க்காது. அந்தப் பகுதிக்கு வருமானமும் வராது. பேலன்ஸ் ஷீட்டில் மட்டும் அது சொத்தாகவே தெரியும்.

காட்டம்பூரைப் பற்றி இன்னொன்று. அதில் 49 சதவீதம் உத்தரப் பிரதேச மின் உற்பத்திக் கழகத்துடையது. ஒருங்கிணைந்த கணக்கில் முழு வருவாயும் நம்முடையது போல வரும். கடைசியில் "உரிமையாளர்களுக்குச் சேரும் லாபம்" என்று தனியாக ஒரு வரி இருக்கும். ஷேருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட அந்த வரியைத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 120 வீடுகளுக்கும் பராமரிப்புக் கட்டணம் போட்டாயிற்று. வரவு என்று எழுதியாயிற்று. அறிக்கையில் உபரி. ஆனால் பத்துப் பேர் ஒரு வருடமாகத் தரவில்லை என்றால், லிஃப்ட்காரருக்குக் கொடுக்கப் பொருளாளர் கையில் பணம் இருக்காது. உபரி பொய் இல்லை, பணம்தான் இல்லை. மின் கம்பெனியின் கதையும் இதேதான், கோடிகளில்.

டிரேட் ரிசீவபிள்ஸ் என்ற வரியை எடுங்கள். அதை ஆண்டு விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். விற்பனை 12,000 கோடி, பாக்கி 4,000 கோடி என்றால் சுமார் 122 நாள். இது அதிகமா, குறைவா? ஆணையத்தின் விதியே ஓர் அளவுகோல் தருகிறது. நடைமுறை மூலதனத்துக்கு வட்டி கணக்கிடும்போது 45 நாள் பாக்கியைத்தான் அது ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நாளையும் கம்பெனி தன் பணத்திலோ கடனிலோ சுமக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: மார்ச் மாத மின்சாரத்துக்கான பில் ஏப்ரலில்தான் போகும் என்பதால், சில கம்பெனிகள் அதையும் இந்தத் தொகையோடு சேர்த்துக் காட்டும். அது நியாயமான பாக்கி.

2021-22 முதல் ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. பாக்கி எத்தனை நாள் பழையது என்று அட்டவணை போட்டே ஆக வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், இரண்டு, மூன்று, மூன்றுக்கு மேல், தகராறு உள்ளது, இல்லாதது என்றும் பிரித்து. கட்டி முடிக்காத வேலைக்கும் இதே மாதிரி வயது அட்டவணை உண்டு. நான் ஆண்டறிக்கையைத் திறந்தால் தலைவர் உரையைத் தாண்டி நேராக இந்த இரண்டு அட்டவணைகளுக்குத்தான் போவேன். தலைவர் உரையில் எல்லாக் கம்பெனியும் நன்றாகவே இருக்கும்.

பாக்கி வைத்தால் தாமதக் கட்டணம் உண்டு. அதைச் சில கம்பெனிகள் பணம் வரும்போது வருமானமாக எழுதும். சில, வருவது உறுதி என்று தோன்றும்போதே எழுதிவிடும். இரண்டாவது வகையில் வாடிக்கையாளர் பணம் தராததே லாபத்தைக் கூட்டும்! கணக்குக் கொள்கைக் குறிப்பில் ஒரு பத்தியில் இது இருக்கும். படியுங்கள்.

பழைய பாக்கி ஒருநாள் மொத்தமாக வருவதும் உண்டு. 2020 மே மாதம் மத்திய அரசு பிஎஃப்சி, ஆர்இசி மூலம் வாரியங்களுக்கு 90,000 கோடி கடன் அறிவித்தது, மின் உற்பத்தியாளர்களின் பாக்கியைத் தீர்ப்பதற்காகவே. 2022 ஜூனில் புதிய விதி வந்தது. பழைய பாக்கியை அதிகபட்சம் 48 மாதத் தவணைகளில் கட்டலாம் என்றார்கள். தமிழ்நாடும் அதில் சேர்ந்தது. ஒழுங்காகக் கட்டினால் தாமதக் கட்டணம் மேலும் ஏறாது. பாக்கி வருகிறது என்பது நல்ல செய்தி. ஆனால் நான்கு ஆண்டுகளில் வட்டியில்லாமல் வரும் 100 ரூபாய் இன்றைக்கு 100 ரூபாய் இல்லை என்று வங்கியில் வேலை பார்த்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் கேஷ் ஃப்ளோ பெரிதாகத் தெரிந்தால், அது அந்த வருட வியாபாரம்தானா, பழைய கணக்குத் தீர்ந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேஷ் ஃப்ளோ அறிக்கையில் "இயக்கத்திலிருந்து வந்த பணம்" என்ற தொகையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். நம் நாட்டுக் கணக்கு முறையில், வங்கி மாதிரியான நிதி நிறுவனம் அல்லாதவை, கட்டிய வட்டியைக் கீழே நிதிப் பிரிவில்தான் காட்டும். வட்டியையும் அந்த ஆண்டு திருப்பிய அசலையும் நீங்களே கழியுங்கள். மீதியில் டிவிடெண்ட் கொடுத்தார்களா, புதுக் கடன் வாங்கிக் கொடுத்தார்களா? வளரும் மின் கம்பெனி கடன் வாங்குவது தவறில்லை, 70:30 கணக்கே அப்படித்தான். கட்டும் நிலையத்துக்கு வாங்குகிறார்களா, வராத பாக்கியின் இடத்தை நிரப்ப வாங்குகிறார்களா என்பதில்தான் விஷயம். நடைமுறைக்கான குறுகிய காலக் கடன் பாக்கியோடு சேர்ந்தே ஏறி இறங்கினால் விடை அதுதான்.

வங்கியில் நான் பில்ஸ் செக்சனில் சில வருடம் இருந்தேன். அதனால் ஒன்று கண்ணில் படும். வாரியத்தின் பேரில் போட்ட பில்லை வங்கியில் தள்ளுபடிக்குக் கொடுத்து மார்ச் 31-க்குள் பணம் வாங்கலாம். பேலன்ஸ் ஷீட்டில் பாக்கி சட்டென்று இளைத்துவிடும். வாரியம் கட்டாவிட்டால் வங்கி கம்பெனியிடம் திரும்பி வரலாம் என்ற நிபந்தனை இருந்தால், பாக்கி போகவில்லை, அறை மாறியிருக்கிறது. கண்டிஞ்சன்ட் லயபிலிட்டி குறிப்பிலோ ரிசீவபிள்ஸ் குறிப்பின் அடியிலோ அது சின்ன எழுத்தில் இருக்கும்.

கடைசியாக, இந்தத் துறைக்கே உரிய ஒரு வரி: ரெகுலேட்டரி டெஃபரல் கணக்கு. செலவு ஆகிவிட்டது, ஆணையம் பிற்பாடு கட்டணத்தில் தரும் என்று நம்பி எழுதி வைப்பது. லாப நஷ்டக் கணக்கில் இது தனி வரியாக வரும். அந்த வரிக்கு மேலே உள்ள லாபம் என்ன, கீழே உள்ள லாபம் என்ன என்று எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், ஐந்து வருட அறிக்கைகளை வரிசையாக வைத்து, எழுதி வைத்தது பிறகு வந்ததா, ஆணையம் நிராகரித்ததா, இன்னும் வழக்கில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஆண்டறிக்கைகள் கம்பெனி இணையதளத்திலும் பங்குச் சந்தைகளின் இணையதளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். மூன்று வருட அறிக்கைகளில் நான் சொன்ன பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். சங்க அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். கால்குலேட்டர் அலுவலக மேசை டிராயரில் இருக்கிறது. இப்போது கேள்விகளைக் கேளுங்கள், டீ வந்துகொண்டிருக்கிறது.