மூட்டையின் தேதியைப் பாருங்கள்



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் ஊருக்குள் புகுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பிழைத்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அடுத்து காலராதான் என்று பலரும் பயந்தார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை.

அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டம் மாசச் சம்பளம் வாங்காது, ஐயா! தமிழ்நாட்டில் மருத்துவமனைகளுக்கு ஓர் இயக்ககம் என்றால், பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்ககம். 1939-இல் வந்த பொது சுகாதாரச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்தத் துறையின் ஆட்கள் மற்ற மாவட்டங்களிலிருந்து நாகைக்கு வண்டி ஏறினார்கள். அடிபட்ட ஊரின் ஊழியர்களை மட்டும் நம்பியிருந்தால் தாங்கியிருக்குமா?

சுகாதார ஆய்வாளரின் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். தெருக்குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடிப்பார், நாலு சொட்டு மருந்து விடுவார், மஞ்சள் ஏறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஏறாவிட்டால் தொட்டியில் குளோரின் போதவில்லை. பேரிடர் நேரத்தில் லிட்டருக்கு அரை மில்லிகிராமாவது மீந்து நிற்க வேண்டும். அதோடு முகாம் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி, வைட்டமின் ஏ. கூட்டம் அடைந்து கிடக்கும் இடத்தில் தட்டம்மை நுழைந்தால் காட்டுத்தீதான்.

பிணங்களால் நோய் பரவும் என்றுதான் ஊர் பயப்படும். உண்மையான ஆபத்து குடிதண்ணீரிலும் நெரிசலிலும் இருக்கிறது. அமைச்சர் வருகிறார் என்றால் சாலையோரம் வெள்ளைப் பொடி தூவுகிறார்களே, அதனால் கிருமிக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. பொடி போய்ச் சேர வேண்டிய இடம் மேல்நிலைத் தொட்டி.

அந்தப் பொடிக்கும் ஆயுள் உண்டு. புது பிளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் 33 சதவீதம். ஈரமும் சூடும் பட்டால் அது இறங்கிக்கொண்டே போகும். மழை ஒழுகும் கிடங்கில் வருஷக்கணக்காகக் கிடந்த மூட்டையில் மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்பு. பதிவேட்டில் மட்டும் "இருப்பு உள்ளது" என்று கம்பீரமாக நிற்கும்!

ஆகவே மூட்டை எத்தனை என்று கேட்பவர் தேதியையும் கேட்கட்டும். சுகாதார ஆய்வாளர் பணியிடம் காலியா, தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது என்றும் கேட்கட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே கேட்டுவிட்டால், புதுச் சரக்கு வாங்க அதிகாரிகளுக்கு இரண்டு மாசம் கையில் இருக்கும்.