மோட்டார்ப் பயணமும் மலைக்குகையும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேசப்போவது பத்துமலையைப் பற்றி. "அட, அதுதான் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் போறோமே, அதுல புதுசா என்ன இருக்கு?" என்று பெரியவர்கள் கேட்கலாம். இருக்கிறது.

கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக், சுங்கை பூலோ, செலாயாங் வழியாகப் பத்துமலைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நம் தோட்டங்களில் பல வீடுகளில் மோட்டார் உண்டு. அதிலேயே போய் வந்துவிடலாம். 1891-இல் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனுக்குக் கோயில் அமைத்தார். 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 1920-இல் மரப்படி கட்டினார்கள். பிறகு அது 272 சிமெண்டுப் படிகளானது. இதெல்லாம் நீங்கள் அறிந்ததே.

ஆனால் மாணவர்களே, படியேறிக் கும்பிட்டுவிட்டு உடனே இறங்கிவிடாதீர்கள். சற்றே அண்ணாந்து பாருங்கள். அந்த மலை சுண்ணாம்புக் கல். அதன் வயது சுமார் 40 கோடி ஆண்டு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. அப்படித்தான் குகை உண்டானது. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாய் இறங்கி, கூரையில் விழுதுகளாகத் தொங்குகிறது. ஒரு விழுது விரல் நீளம் வளர்வதற்குள் பல தலைமுறைகள் போய்விடும். அதை உடைக்க ஒரு நொடி போதும்!

கோயில் குகைக்குக் கீழே இருட்டுக் குகை இருக்கிறது. பத்துமலையின் பெயரையே தாங்கிய அபூர்வச் சிலந்தி அங்கே வாழ்கிறது. வௌவால் எச்சத்தையே நம்பிப் பல பூச்சிகள் பிழைக்கின்றன. அந்த எச்சத்தைத்தான் 1860-களில் சீனத் தோட்டக்காரர்கள் காய்கறிக்கு உரமாக அள்ளிச் சென்றார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். பத்துமலையில் தேன் குடிக்கும் வௌவால்கள் தங்குகின்றன. அவற்றின் எச்சத்திலிருந்த மகரந்தத்தை ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1976-இல் எழுதினார்கள். அவை இரவில் 30 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, கடலோர அலையாத்திக் காட்டுப் பூக்களைத் தேடி வருகின்றனவாம்! நம் கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரமும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அதன் பூ இரவில் மலர்ந்து விடிவதற்குள் உதிரும். டுரியான், பெத்தாய் மரங்கள் காய்ப்பதற்கும் இந்த வௌவால்தான் துணை. நாம் மோட்டாரில் போகும் தூரத்தை அது சிறகால் கடக்கிறது. குகையில் வௌவாலை விரட்டினால், இங்கே நம் மரத்தில் காய் குறையும். "எங்கோ இருக்கிற மலைதானே" என்று இருந்துவிட முடியுமா?

ஆகவே குகைக்குப் போகும் இளைஞர்களே, சில சொற்கள். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் எந்தக் குகையிலும் நுழையாதீர்கள். தனியாகப் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு விளக்கு போதாது. மாற்று விளக்கும் வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மழை இருட்டினால் ஓடையுள்ள குகைப்பக்கம் போகவே வேண்டாம். சுவரில் பெயர் எழுதுவது வீரமாகாது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒன்று. ஹெல்மெட் சட்டம் 1973-லேயே வந்துவிட்டது. ஆனால் இன்றும் அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கும். நடுவில் நெருக்கி உட்கார்ந்த பிள்ளை தலையில் ஒன்றும் இருக்காது! செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும் சாலை இது. தைப்பூச இரவு முழுக்கக் கண்விழித்துவிட்டு, விடியற்காலையில் தூங்கி வழிந்துகொண்டு ஓட்டாதீர்கள். கொஞ்சம் படுத்து எழுந்து புறப்பட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுக்கும்போது, பிள்ளைக்குப் பொருத்தமாக ஒரு ஹெல்மெட்டும் எடுங்கள். இன்று மேடையேறிப் பரிசு வாங்கிய அந்தத் தலை நமக்கு வேண்டும்.

மாணவர்களே, அடுத்த முறை பத்துமலைக்குப் போனால் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். கண்ட ஒன்றை, அது விழுதோ பூச்சியோ வௌவாலோ, பத்து வரி எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அதை நாங்கள் படிக்க வேண்டும்.