இளைஞர் விளையாட்டும் வழிச்செலவும்

(கங்கைகொண்டானில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் ஊரின் பெயரே ஒரு நெடும் பயணத்தை நினைவூட்டுவதாகும். கங்கை வரையில் படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழனது விருதுப்பெயர், சிற்றாற்றங்கரையில் இன்றளவும் வழங்கி வருகின்றது. அத்தகைய ஊரிலிருந்துகொண்டு, “பந்தடிப்பதற்கா பிள்ளையை வெளியூர் அனுப்புவது?” என்று நாம் கேட்டுக்கொண்டிருத்தல் தகுமா?

செலவு சிறிதென்று நாம் சொல்ல வரவில்லை. வண்டிச் சத்தம், உணவு, பாதரட்சை, மட்டை ஆகியவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். துணைக்குச் செல்லும் தந்தை இழக்கும் கூலியும், பிள்ளை இழக்கும் பாட நாட்களும் கண்ணுக்குத் தெரியாதவை. புகைவண்டியில் விளையாட்டு வீரருக்கு அளிக்கப்பட்டு வந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்டது. காதணியை அடகு வைத்து மகனை அனுப்பும் தாய்க்கு, “விளையாட்டு நல்லது” என்னும் வெறும் உபதேசம் போதாது.

ஆயினும் பயனை நோக்குங்கள். நமக்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து அங்கு வந்து அரசு விளையாட்டு விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும், 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினர்; வெண்கலப் பதக்கமும் கிட்டிற்று. அரியலூர்ப் பிள்ளை ஊரைவிட்டுப் புறப்படாதிருப்பின் இது கைகூடியிருக்குமோ? தன்னினும் வலியவனோடு மோதினாலன்றி ஒருவனது குறை அவனுக்குப் புலப்படாது. மண்தரையில் பழகியவன் செயற்கைப் புல்தரையில் ஆடிப் பார்த்தாலன்றிப் பந்தின் வேகத்தை அறியான்.

1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கப்பலேறிய இந்திய ஹாக்கி அணியினருக்கும் பணமுடை இருந்தது. அவர்கள் பயணத்தினிடையே காட்சி ஆட்டங்கள் ஆடிப் பொருள் திரட்டினர். அமெரிக்க அணியை 24–1 என வென்று தங்கப் பதக்கமும் பெற்றனர். வறுமை அவர்களைத் தடுக்கவில்லை. கைகொடுப்பார் இருந்தமையால் வழி திறந்தது.

எனினும் எல்லாப் பயணமும் நற்பயணமன்று. அங்கீகாரமற்ற அமைப்புகள் பணம் பறிப்பதற்கென்றே நடத்தும் பந்தயங்களும் உண்டு. அவற்றின் சான்றிதழ் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பயன்படாது. பந்தயத்தை நடத்துவோர் யார், தங்குமிடம் எது, பொறுப்பாசிரியர் யார் என்று விசாரித்த பின்னரே அனுப்புதல் வேண்டும். பெண் பிள்ளைகளுடன் ஆசிரியை ஒருவர் செல்லுதல் அவசியம். அதைக் காரணம் காட்டி அவர்களை வீட்டில் நிறுத்திவிடுவது நியாயமாகாது.

ஆதலின் நமது சங்கம் வழிச்செலவு நிதி ஒன்றை ஏற்படுத்த வேண்டுமென நாம் கோருகின்றோம். இல்லத்துச் சுபகாரியங்களில் பதாகைக்கும் வாணவேடிக்கைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்கு அளித்தாலே போதுமானது.

இங்கே ஒரு கேள்வி எழும். “நிதி நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டுந்தானே?” என்பீர்கள். ஹாக்கி ஆட்டத்திற்குப் பதினொருவர் வேண்டும். நம் பிள்ளைகள் மூவருக்குச் சீட்டெடுத்துக் கொடுத்து, மற்ற எண்மரைப் புகைவண்டி நிலையத்தில் நிறுத்திவிட்டால் அணி ஏது? ஆட்டம் ஏது? ஆகவே அணி முழுமைக்கும் செலவளித்தலே முறை. ஒரே பெட்டியில் அமர்ந்து, ஒரே பொட்டலத்துச் சோற்றைப் பகிர்ந்துண்டு வரும் பிள்ளைகள், மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் பார்த்துப் பகைகொள்ளார். நம் ஜில்லாவில் அத்தகைய பகையால் பள்ளிப் பிள்ளைகள் பட்ட துன்பத்தை நாம் கண்டும் கேட்டும் இருக்கின்றோம். அதை ஒழிக்க இந்த நிதி சிறிதேனும் உதவுமாயின், அதுவே நாம் ஈட்டும் பெருஞ்செல்வமாகும்.

இத்தீர்மானத்தை அன்பர்கள் ஏகமனதாக ஆதரிக்கும்படி வணக்கத்துடன் வேண்டுகின்றோம்.