குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் பேசுகிறேன்

(விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் நான் பேசியதன் எழுத்து வடிவம்)



மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டீர்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது பற்றிய பிரிவு. பதினொரு வருடமாக விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன், அதனால் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு இதில் இன்னொரு தகுதியும் இருக்கிறது. இந்தக் குற்றத்தைச் செய்தவன் நான். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பிரிவையும் உட்பிரிவையும் விளக்கிக்கொண்டிருந்தால் அது நேர்மையாக இருக்காது.

2023 ஜனவரி. நண்பரின் தங்கை கல்யாண வரவேற்பு முடிந்து இரவு பதினொன்றரைக்குத் திரும்புகிறேன். பைபாஸ் பிரிகிற இடத்தில் போலீஸ் நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சென்ட்ரிங் வேலை செய்கிறவர், கைலியில் சிமெண்ட் கறை. கருவியில் ஊதச் சொன்னார்கள், ஊதினார். அடுத்து என்னிடம் நீட்டினார்கள். நான் ஊதவில்லை. பர்ஸைத் திறந்து பார் கவுன்சில் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். "பார்த்துப் போங்க சார்" என்றார்கள். அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பும்போது அந்த மனிதர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அவருக்குப் பத்தாயிரம் ரூபாய். 2019இல் திருத்திய சட்டத்தின் புது அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் அபராதம், அல்லது இரண்டும். தினக்கூலிக்காரருக்குப் பத்தாயிரம் என்பது கிட்டத்தட்ட அரை மாதச் சம்பளம். காரில் போகிறவருக்கு ஒரு ராத்திரி பார்ட்டிச் செலவு. எனக்கு அது பூஜ்யம்.

பிறப்பைக் காட்டித் தப்பிக்கிறவர்களை எதிர்த்துத்தானே நாம் இயக்கம் நடத்துகிறோம்? சேரியில் பிறந்து, எங்கள் தெருவிலேயே முதலில் சட்டம் படித்தவன் நான். அந்தப் படிப்பை எங்கே காட்டினேன் பாருங்கள்.

அடுத்தது அதே ஆண்டு ஜூன். இரவு ஒரு மணிவரை குடித்துவிட்டு, நாலு மணி நேரம் தூங்கி, சென்னை ரயிலைப் பிடிக்க ஐந்தரை மணிக்கு வண்டியை எடுத்தேன். குளித்திருந்தேன், காபி குடித்திருந்தேன். 'தெளிவாகத்தான் இருக்கிறோம்' என்று நினைத்தேன். பேருந்து நிலையம் போகிற சாலையில் தள்ளுவண்டியில் குப்பை அள்ளிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்கா மேல் மோதினேன். அவருக்கு வலது கால் எலும்பு முறிந்தது.

இந்தக் கணக்கை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்தமான சாராயம் ஏறக்குறைய 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆண் அதைக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 130, 140 மில்லிகிராம் வரை ஏறும். நம் சட்டம் அனுமதிக்கும் அளவு 30. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு 15 அளவுக்குத்தான் குறைக்கும். எலுமிச்சைச் சாறோ மோரோ பச்சைத்தண்ணீர்க் குளியலோ இந்த வேகத்தைக் கூட்டாது. அதாவது ஒரே ஒரு குவார்ட்டருக்கு, சட்ட அளவுக்குக் கீழே இறங்கவே ஏழு மணி நேரம் வேண்டும். நான் அன்றைக்குக் குடித்தது ஒன்றல்ல. விடியற்காலையில் சாலையில் யார் இருக்கிறார்கள்? பெருக்குகிறவர்கள், பால்காரர்கள், பூ மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள். ராத்திரிக் குடியின் மிச்சம் இவர்கள் மேல்தான் ஏறுகிறது.

ஆட்டோவில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது நான்தான். அங்கே ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் எழுதினார்கள். என்னை யாரும் ஊதச் சொல்லவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. எஃப்.ஐ.ஆரில் வழக்கமான வரி: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்'. குடி என்ற சொல் எந்தக் காகிதத்திலும் இல்லை. அது இருந்திருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அந்த அக்காவுக்குக் கொடுத்த இழப்பீட்டை என்னிடமிருந்து திரும்ப வசூலித்திருக்கும். அதிலிருந்தும் தப்பினேன்.

185ஆம் பிரிவில் ஒருவரைத் தண்டிக்க மூச்சுச் சோதனையோ ரத்தச் சோதனையோ வேண்டும். குடித்திருந்தான் என்பது சட்டத்தின் முன் ஒரு காகிதம். அந்தக் காகிதம் யாருக்கு எழுதப்படுகிறது, யாருக்கு எழுதப்படுவதில்லை என்பதில்தான் சாதியும் வர்க்கமும் உட்கார்ந்திருக்கின்றன. 2024 மே 19 அதிகாலை புனேயில் என்ன நடந்தது? 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு ஐ.டி. ஊழியர்கள் செத்தார்கள். அன்றைக்கே ஜாமீன், நிபந்தனைகளில் ஒன்று 300 சொல்லில் கட்டுரை. ரத்த மாதிரியையே மாற்றி வைத்தார்கள் என்று போலீஸ் வழக்குப் போட்டு அரசு மருத்துவமனை டாக்டர்களைக் கைது செய்தது. நாடே கொந்தளித்த பிறகுதான் இதெல்லாம் வெளியே வந்தது. என் ரத்தத்தை யாரும் மாற்றவில்லை. எடுக்கவே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாதம் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். அன்றைக்கு நான் குடித்திருந்தேன் என்று சொன்னேன். "அன்னிக்கே வாட வந்துச்சி சார்" என்றார். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யார்கிட்டப் போயி சொல்றது?" என்று கேட்டுவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார். என் தம்பி என்றுகூடக் கூப்பிடலாம், அக்கா வயசு. இன்றைக்கும் சார்தான்.

2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 44 சதவீதத்துக்கு மேல். நடந்து போனவர்கள் கிட்டத்தட்ட 20 சதவீதம். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். குடியால் நடந்தவை என்று அறிக்கையில் வருவது கொஞ்சம்தான். சோதித்தால்தானே கணக்கில் வரும்?

நம் மேடைகளில் இதைப் பேச நாம் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 'சேரிக்காரன்னா குடிப்பான்' என்று ஊர் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லைக் கேட்டாலே நாம் கேடயத்தைத் தூக்கிவிடுகிறோம். கழிவுநீர்க் குழிக்குள் இறக்கப்படுகிறவர் அந்த நாற்றத்தைத் தாங்கக் குடிக்கிறார் என்பது உண்மை. விற்பதும் அரசு, வழிமறித்து அபராதம் போடுவதும் அரசு என்பதும் உண்மை. 2003இலிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். ஆனால் அந்தத் தள்ளுவண்டி அக்காவுக்கு இந்த உண்மைகளால் என்ன பயன்?

பெரியார் 1921இல் சொந்தத் தோப்பில் தென்னைகளை வெட்டியதையும் சொல்வார்கள், பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை அவர் எதிர்த்ததையும் சொல்வார்கள். அம்பேத்கர் 1956இல் நாக்பூரில் ஏற்கவைத்த 22 உறுதிமொழிகளில் குடிக்க மாட்டேன் என்பதும் ஒன்று. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று நாம் விடிய விடியச் சண்டை போடலாம். அதற்கு இன்னொரு கூட்டம் வையுங்கள். இன்றைய பேச்சு பாட்டிலைப் பற்றியது அல்ல, சாவியைப் பற்றியது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. பிறகு சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர் என்று குறைந்தது, நகராட்சி எல்லைக்குள் விலக்கு வந்தது. கடை கொஞ்சம் உள்ளே நகர்ந்தது. குடிக்கிறவன் பைக்கும் கூடவே உள்ளே போய், அதே நெடுஞ்சாலைக்குத்தான் திரும்பி வருகிறது. பார் வாசலில் வரிசையாக நிற்கிற வண்டிகளைப் பாருங்கள். கடை மூடுவது இரவு பத்து மணிக்கு. அதற்குப் பிறகு எந்தக் கிராமத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது?

எல்லா வயதுக்கும் ஒரே மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது என்பது விதி. பிளாக்கில் வாங்குகிற 17 வயதுப் பையனுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. அவன் வண்டியோட்டிப் பிடிபட்டால், வண்டி கொடுத்த அப்பாவுக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இளவட்டம் தனியாகக் குடிப்பதில்லை, கூட்டமாகக் குடிக்கிறது. மூன்று பேர் ஒரே வண்டியில் வருகிறார்கள். அங்கே ஓட்டுகிறவனிடம் பேசுவதைவிடப் பின்னால் உட்காருகிறவனிடம் பேசுவதுதான் வேலைக்காகும். ஜப்பானில் 2007இலிருந்து குடித்தவனுக்கு வண்டி கொடுத்தவர், ஓட்டப்போகிறவன் என்று தெரிந்தே ஊற்றிக்கொடுத்தவர், தெரிந்தே கூட ஏறியவர் எல்லோருக்கும் தண்டனை உண்டு.

வேலைக்குப் போகிற வயதுக்காரர்களுக்கு அறிவுரை பலிக்காது. நிச்சயம் பிடிபடுவோம் என்ற எண்ணம்தான் பலிக்கும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில், சந்தேகமே இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று கொண்டுவந்தது. கோட்டு போட்டவரும் ஊத வேண்டும், கைலி கட்டியவரும் ஊத வேண்டும். நம் ஊரில் காலனிக்குத் திரும்புகிற முக்கில் தடுப்பு போடுகிறார்கள். கிளப் வாசலிலும் நட்சத்திர ஓட்டல் வாசலிலும் போடுவதில்லை. தடுப்பை எடுங்கள் என்று நாம் கேட்கக் கூடாது. அங்கேயும் போடு, எல்லோரையும் நிறுத்து, அட்டையைப் பார்க்காதே என்று கேட்க வேண்டும். ஜனவரியில் என்னை அப்படி நிறுத்தியிருந்தால் ஜூன் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வயதானவர்கள் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சர்க்கரை மாத்திரை, தூக்க மாத்திரை போடுகிற அறுபது வயதுக்காரருக்குப் பழைய அளவே கூடுதலாக வேலை செய்யும். ஆனால் அப்பாவிடம் சாவியைக் கேட்க எந்த மகனுக்குத் தைரியம் இருக்கிறது? மகளுக்கு இருக்கிறது. அவள் பேச்சை அங்கே கேட்பதில்லை.

அடுத்து, திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்கள். இரண்டாம் முறைக்கு இரண்டு வருடம் வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். சட்டத்தின் கணக்கில் நான் ஒருமுறைகூடச் செய்யாதவன் என்பதை மறந்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு டிப்பர் ஓட்டுநர் மூன்று முறை பிடிபட்டவர். லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினார், வேறு பிழைப்பு தெரியாது. காலையில் கை நடுங்கும், நடுக்கம் நிற்கக் குடிப்பார். இது அபராதத்தால் தீராது, இது நோய். இப்படிப்பட்டவரைப் 'பேசாமல் இன்றோடு விட்டுவிடு' என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிர்கூடப் போகலாம். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14416க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 2005இலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. திரும்பத் திரும்ப மாட்டுகிறவர் காலையும் மாலையும் போய் ஊத வேண்டும். குடித்திருந்தால் உடனே ஓரிரு நாள் சிறை, அவ்வளவுதான். வருடக்கணக்கில் உள்ளே போடுவதில்லை. வேலைக்கும் போகலாம். திட்டம் வந்த மாவட்டங்களில் திரும்பப் பிடிபடுவது சுமார் 12 சதவீதம் குறைந்ததாக ஆய்வு வந்திருக்கிறது. இங்கே தினமும் காவல் நிலையத்துக்குப் போ என்றால் யாரை என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும், அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துச் செய்யலாம். நர்ஸ் அக்கா முன்னால் ஊதட்டும்.

என்னைக் கேட்டால், நான் குடியை முழுதாக விட்டுவிடவில்லை. ஆறு மாதம் விட்டேன், திரும்பத் தொட்டேன். குடிக்கிற நாளில் வண்டியை எடுப்பதில்லை, மறுநாள் மதியம் வரையிலும் எடுப்பதில்லை. பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போகிறேன்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். ஏப்ரல் 14. நீலக்கொடி கட்டிக்கொண்டு பைக் பேரணி போகிறோம். சாயங்காலம் மாலை போட்டு முடிந்ததும் ராத்திரி என்ன நடக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். போன வருடம் எங்கள் தெருவில் படிப்பகத் தோழர்கள் நாலு பேர், அதில் இரண்டு பேர் பெண்கள், ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்கள். குடிக்கப் போகிறவன் சாவியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்குப் போக ஒரு டாடா ஏஸ் பேசி வைத்திருந்தோம். பதினொரு சாவி வந்தது. ஒன்று என் சொந்தத் தம்பியுடையது. காலை ஏழு மணிக்கு வந்து கேட்டான், பத்து மணிக்கு வா என்று அந்தப் பெண் பிள்ளைகள் அனுப்பிவிட்டார்கள். அவன் அந்தக் கோபத்தில் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. இந்த வருடமும் டப்பா வைக்கிறோம், ஆள் போதவில்லை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.