கடற்கரையில் இரவு யாருக்கு?

(தொழிலாளர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்று ஒரு தூரதேசத்துச் சங்கதியைப் பற்றிப் பேசப் போகிறோம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா ராஜ்யத்தில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் சான் டியாகோ என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கே கடலோரத்தில் மிஷன் பே என்றொரு பூங்கா. அந்தப் பூங்காவிலும் நகரத்துத் தெருக்களிலும் ஒருவர் இரவு வண்டியை நிறுத்தி, அதையே வீடாகக் கொண்டு தங்கினால் அது குற்றம். தூங்குவது ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். நாமும் அதைத்தான் கேட்கிறோம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். கேம்பர் வேன் என்பார்கள். உள்ளே கட்டில், சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாமான் வைக்க அலமாரி எல்லாம் இருக்கும். கையில் பணம் உள்ளவர் விடுமுறையில் ஊர் சுற்ற இதை வாங்குகிறார். வாடகை கொடுக்க வழியில்லாதவரோ ஒரு பழைய வேனின் பின் ஸீட்டுகளைக் கழற்றிவிட்டு, பலகை போட்டு, மெத்தை விரித்து அதிலேயே குடியிருக்கிறார். முன்னவருக்கு அது உல்லாசம். பின்னவருக்கு அதுதான் வீடு.

அந்தப் பூங்கா யாருடையது? ஒரு காலத்தில் அது வெறும் சேறும் சதுப்பும். 1940-களிலிருந்து நகர மக்களின் பணத்தைப் போட்டுத் தூர்வாரி, மண் கொட்டி, தீவுகளும் மணல்கரையும் உண்டாக்கினார்கள். நீரும் நிலமுமாக 4,200 ஏக்கருக்கு மேல். நகரத்தின் சொத்து; அதாவது ஜனங்களின் சொத்து. ஆனால் அதே பூங்காவில் குத்தகை நிலத்தில் பெரிய ஹோட்டல்கள் நிற்கின்றன. 1964-ல் ஸீ வேர்ல்டு என்ற கேளிக்கைக் கம்பெனி அங்கே கடை விரித்தது. 1969 முதல் கட்டணம் வாங்கி வண்டியோடு தங்கவைக்கும் முகாமும் நடக்கிறது. குத்தகை எல்லை மீறிப் போய்விடுமோ என்று பயந்த நகர மக்கள், 1987-ல் ஓட்டுப் போட்டு, பூங்கா நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வியாபாரத்துக்கு விடக்கூடாது என்று விதி செய்தார்கள்.

ஆகவே விஷயத்தைக் கவனியுங்கள். அந்தத் தண்ணீர் ஓரத்தில் இரவில் வண்டிக்குள் தூங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காசு கொடுத்துத் தூங்கு, நீ விருந்தாளி. காசில்லாமல் தூங்கினால் நீ குற்றவாளி. வண்டியும் ஒன்று, கடற்காற்றும் ஒன்று, பர்ஸ்தான் வேறு.

சட்டத்தின் கதையையும் கேளுங்கள். 1983-லேயே சான் டியாகோ நகரசபை, வண்டியில் குடியிருப்பதைத் தடைசெய்தது. உடல்நலம் குன்றிய சில ஏழைகள் 2017-ல் வழக்குப் போட்டார்கள். எது குடியிருப்பது, எது சும்மா உட்கார்ந்திருப்பது என்பதே சட்டத்தில் தெளிவில்லை என்று 2018-ல் மத்திய கோர்ட் இடைக்காலத் தடை விதித்தது. 2019 பிப்ரவரியில் நகரசபை அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஏழைகள் ஜெயித்தார்கள் என்று நினைக்கிறீர்களா? மூன்றே மாதத்தில், அதே ஆண்டு மே மாதத்தில், புதுச் சட்டம் வந்தது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை எங்கேயும் வண்டியில் குடியிருக்கக் கூடாது. வீட்டுக்கோ பள்ளிக்கோ 500 அடிக்குள் பகலிலும் கூடாது. நெருக்கமான ஒரு நகரத்தில் வீடும் பள்ளியும் இல்லாத 500 அடியை எங்கே போய்த் தேடுவது?

அபராதம்தானே, கட்டிவிட்டுப் போகட்டும் என்று சிலர் சொல்வார்கள். அது எங்கே கொண்டு போய் விடுகிறது பாருங்கள். வண்டியை நிறுத்தியதற்கான அபராதம் பாக்கியிருந்தால், கலிபோர்னியாவில் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். பதிவு காலாவதியாகி ஆறு மாதம் தாண்டினால் வண்டியை இழுத்துக்கொண்டு போகலாம். இழுத்த கூலி ஒரு பக்கம். கொட்டகையில் நிற்பதற்கு நாள் வாடகை இன்னொரு பக்கம். கட்ட முடியாவிட்டால் வண்டி ஏலத்துக்குப் போகும். அத்தோடு படுக்கை போயிற்று, மருந்து போயிற்று, வேலைக்குப் போட்டுப் போகும் உடுப்பும் போயிற்று. வேலைக்குப் போகிற வண்டியும் அதுவேதான். ஒரு துண்டுச் சீட்டில் தொடங்கியது, ஒரு மனிதனின் வீட்டையும் வேலையையும் பிடுங்கி முடிகிறது. ஒழுங்காக நிறுத்திய வண்டியை, அபராத பாக்கி என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டு இல்லாமல் இழுக்கக் கூடாது என்று 2023-ல் சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கில் கலிபோர்னியா அப்பீல் கோர்ட் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

அரசாங்க விடுதிக்குப் போகக் கூடாதா என்றும் கேட்பார்கள். பொது விடுதியில் வரிசைக் கட்டில். பல இடங்களில் புருஷனையும் மனைவியையும் பிரித்துப் போடுவார்கள். வேனுக்கு ஒரு கதவு உண்டு, அதற்கு ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டைத்தான் அவர்கள் விட மறுக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களின் குறையை நாம் தள்ளிவிடவில்லை. குப்பை சேருகிறது, கழிவுநீர் தெருவில் ஓடுகிறது, பூங்காவுக்குக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இடமில்லை என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. அவர்களிலும் மாதச் சம்பளத்தில் காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அபராதச் சீட்டு குப்பையை அள்ளுமா? சாக்கடையைக் கழுவுமா? வண்டி அடுத்த தெருவுக்குப் போகும். குப்பையும் கூடவே போகும். கக்கூஸ் கட்டினால், குழாய் போட்டால், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஒரு இடம் கொடுத்தால், அந்தக் குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இது நடக்காத காரியமல்ல. அதே கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா என்ற கடலோர ஊரில், 2004 முதல், மாதாகோவில் வளாகங்களிலும் அலுவலக வளாகங்களிலும் இரவில் காலியாகக் கிடக்கும் இடங்களை வண்டியில் வாழ்வோருக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு இடத்தில் சில வண்டிகள். மாலையில் வரலாம், காலையில் போகலாம். வீடு தேட உதவிக்கு ஆளும் உண்டு. பிறகு சான் டியாகோவும் இப்படிச் சில மைதானங்களைத் திறந்தது. நல்லதுதான். ஆனால் மைதானம் வீடாகாது. வாடகை கூலிக்குள் அடங்கும் வரை வேன்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

இதற்கிடையில், ஆரெகன் ராஜ்யத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூர் வழக்கில், 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் படுத்தவருக்கு அபராதமும் சிறையும் விதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று பேர் மறுத்தார்கள். போக்கிடம் இல்லாதவருக்கும் இதுவே விதி. ஒன்றைக் கவனியுங்கள்: தண்டிக்கலாம் என்றுதான் கோர்ட் சொன்னது; தண்டித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதைத் தீர்மானிப்பது இன்றைக்கும் நகரசபைகள்தான். நகரசபையைத் தேர்ந்தெடுப்பது ஜனங்கள்தான். 1987-ல் பூங்காவைக் காப்பாற்றியது அந்த ஜனங்களின் ஓட்டுத்தானே!

உழைத்துக் களைத்தவன் கண்மூடுவதற்கு ஒரு இடம் வேண்டும். அதைக் கொடுக்க முடியாத நகரம், அவன் கண்மூடியதற்கு அபராதம் போடுவது நியாயமாகாது. அந்த ஊர் ஏழைகள் கோர்ட்டில் கேட்டதும் இதைத்தான். கடல் தொலைவில் இருந்தாலும் அவர்கள் கேட்ட கேள்வி நமக்குப் புரியாததல்ல, தோழர்களே!