நீரிழிவும் நித்திரையும்
(நாகபுரி வாழ் தமிழர்களின் சங்க ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



குழந்தைகளின் நடனத்துக்கும் நாம் அனைவரும் ஆவலோடு எதிர்பார்க்கும் நாடகத்துக்கும் இடையே எனக்குக் கால்மணி நேரம் அளித்திருக்கிறார்கள். மருத்துவன் பேச எழுந்தால் அவைக்கு உறக்கம் வருவது இயல்பு. ஆகையால் உறக்கத்தைப் பற்றியே பேசிவிடுவது என்று துணிந்தேன்.

நமது காலனியில் நீரிழிவு இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோய் உடையவர்கள். இது நீங்கள் அறிந்ததே. அந்த நோயோடு கைகோத்து இரவில் மட்டும் வரும் மற்றொரு நோயைத்தான் நாம் அறிவதில்லை. அதனை ‘ஸ்லீப் அப்னியா’ என்பர். உறக்க மூச்சுத்தடை என்று நாம் சொல்லலாம்.

இதனை நான் முதலில் கற்றது புத்தகத்தில் அன்று, என் பிழையினால். காலனியில் என் நெருங்கிய நண்பர் ஒருவர். 12 ஆண்டுகளாக நீரிழிவு. ஒரு நாள் அவருடைய மனைவியார் என்னிடம், “அண்ணா, இவருக்கு நடு இரவில் மூச்சு நின்று நின்று வருகிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது” என்றார். “குறட்டை நல்ல தூக்கத்துக்கு அடையாளம், அம்மா. நீங்கள் கவலையின்றித் தூங்குங்கள்” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டேன். நண்பரோ இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுவார். பகலில் நாற்காலியில் அமர்ந்தபடியே உறங்குவார். எல்லாவற்றையும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதி, மருந்தை ஏற்றிக்கொண்டே போனேன்.

பிறகு ஒரு முறை இரு குடும்பங்களும் கிராண்ட் டிரங்க் வண்டியில் சென்னைக்குப் பயணமானோம். விசயவாடாவைத் தாண்டி வண்டி இருளில் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப் படுக்கையில் நண்பர். குறட்டை ஓங்கி எழுந்தது, திடீரென்று அடங்கியது. மார்பு அசைகிறது, மூச்சுமட்டும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். 20 விநாடி, 30 விநாடி. பின் திணறலோடு ஒரு பெருமூச்சு, மீண்டும் குறட்டை. ஒரு மணி நேரத்தில் 40 முறைக்கு மேல் எண்ணினேன். அந்த அம்மையார் பல ஆண்டுகள் தனியாக விழித்திருந்து கேட்டதை நான் ஓர் இரவு கேட்டேன். வெட்கத்தால் தலை குனிந்தேன்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கழுத்திலே கொழுப்பு மிகுந்தவர்க்கும், தாடை சிறுத்துப் பின்வாங்கியவர்க்கும் அப்போது மூச்சுப்பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயமணி அடித்து மனிதனை அரைகுறையாக எழுப்புகிறது. அவன் அதை அறியான். ஒவ்வோர் எழுச்சியிலும் ஆபத்துக் காலத்துக்குரிய சுரப்புநீர்கள் பாய்கின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது. இன்சுலினின் சொல்லை உடல் கேட்க மறுக்கிறது. மறுபுறம், நீரிழிவுக்குக் காரணமான உடற்பருமனே தொண்டையையும் நெருக்குகிறது. இரண்டு நோய்களும் ஒரே வேரில் கிளைத்து, ஒன்றையொன்று வளர்க்கின்றன.

மூச்சு 10 விநாடியேனும் நின்றால் அதனை ஒரு தடை என்று கணக்கிடுவர். மணிக்கு 5 தடவைக்கு மேல் நோய். 15-க்கு மேல் நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பருமனும் நீரிழிவும் உடைய 306 பேரைச் சோதித்தபோது, 100-க்கு 86 பேரிடம் இத்தடை காணப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர்க்கு அது நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தது. அனைவரும் பருமனானவர்கள் என்பதை மறக்கலாகாது. மெலிந்தோரையும் சேர்த்தால் விகிதம் குறையும். நம் நாட்டிலோ, பம்பாய் நகரத்து நடுவயது ஆண்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 19 பேருக்கு மேல் உறக்கத்தில் மூச்சுக்கோளாறு உடையவராக இருந்தனர். அதற்கு முதன்மையான குறிகளாக அவ்வாய்வு கண்டவை மூன்று: உடல் எடை, கழுத்தின் சுற்றளவு, நீரிழிவு. இதனால்தான் 2008-ஆம் ஆண்டிலேயே சர்வதேச நீரிழிவு சம்மேளனம், நீரிழிவு நோயாளிகளிடம் இந்நோயைத் தேடிப் பார்க்கும்படி மருத்துவர்களை வேண்டிக்கொண்டது.

வீடு திரும்பியதும் நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை. உரத்த குறட்டை உண்டா? இடையே மூச்சு நிற்பதை யாரேனும் கண்டனரா? காலையில் தலைவலியும் வாய் வறட்சியும் உண்டா? எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் கண் சொருகுகிறதா? சர்க்கரை கட்டுப்பட்டிருந்தும் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க நேர்கிறதா? மருந்து உண்டும் இரத்த அழுத்தம் அடங்காதிருக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்று இருப்பினும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விரலில் ஒரு கவ்வி, மார்பில் ஒரு பட்டை, மூக்கருகே ஒரு குழாய் — ஓர் இரவுச் சோதனையில் உண்மை விளங்கிவிடும். பலருக்கு வீட்டிலேயே இதைச் செய்யலாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். இது ஆண்களின் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது மிகுகிறது. குறட்டையைக் காட்டிலும் சோர்வாகவும் உறக்கமின்மையாகவும் அது தோன்றலாம். கணவர் விழித்திருந்து உங்கள் மூச்சை எண்ணப்போவதில்லை. நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

பரிகாரம் உண்டு. 1981-இல் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே காற்றை மெல்ல அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் கருவியை வெளியிட்டார். ‘சிபாப்’ எனப்படும் அக்கருவியே இன்றும் முதன்மையான சிகிச்சை. எடை குறைப்பதும் பெரும் பயன் தரும். 2009-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஓராண்டில் சுமார் 11 கிலோ குறைத்த குழுவில் 100-க்கு 13 பேருக்கு மேல் நோய் முற்றிலும் நீங்கியது. ஏறக்குறைய எடை குறையாத குழுவில் நான்கு பேருக்குக் கூட இல்லை. ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு உதவும். மதுவும், தாமாகவே வாங்கி உண்ணும் தூக்கமாத்திரையும் தீமையே செய்யும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கருவியை மாட்டினால் சர்க்கரை தானே இறங்கிவிடும் என்று எண்ணாதீர்கள். ஆய்வுகள் அதனை உறுதியாகக் காட்டவில்லை. நீரிழிவு மருந்தை நிறுத்தவே கூடாது. ஆனால் பகல் தூக்கம் போகும். இரத்த அழுத்தம் ஓரளவு தணியும். நடக்கவும் உழைக்கவும் தெம்பு பிறக்கும்.

நம்மில் இரவு முறை வேலை பார்ப்போரும், வண்டி ஓட்டுவோரும் பலர். வேலைக்குப் பங்கம் வருமோ என்று அஞ்சி இதை மறைப்போரும் உண்டு. மறைத்த நோய் சாலையிலே ஒரு நொடிக் கண்ணயர்வாக வெளிப்பட்டால், அழிவது ஒருவர் உயிர் மட்டுமா?

என் நண்பர் இப்போது கருவியோடு உறங்குகிறார். இரவில் ஒரு முறைதான் எழுகிறார். அதிகாலையில் என்னை நடக்க அழைப்பவரும் அவரே. அவர் மனைவியாரோ, “பல வருஷத்துக்குப் பிறகு நானும் தூங்குகிறேன், அண்ணா” என்றார். அந்தச் சொல்லைவிட எனக்கு வேறு பட்டம் வேண்டுவதில்லை.

பெற்றோரும் உற்றாரும் நெடுந்தொலைவில் இருக்க, இங்கே ஒருவர்க்கொருவர் துணையாக வாழ்கிறோம். அடுத்தவர் குறட்டையைக் கேட்டால் இனி நகைக்காதீர்கள், அக்கறையோடு விசாரியுங்கள். நாடகம் தொடங்கக் காத்திருக்கிறது.