மது தொடாதவரின் கல்லீரல்

(சிரம்பான் லோபாக்கில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றப்பட்ட உரை)



சென்ற முறை நாம் இங்கு வந்திருந்தபோது, கூட்டம் கலைந்த பின்னர் ஓர் அம்மையார் நம்மிடம் வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மருத்துவச் சீட்டு ஒன்றைக் காட்டினார். கல்லீரலில் கொழுப்புப் படிந்துள்ளது என்று அதில் கண்டிருந்தது. இரண்டு மாதங்களாக அதனை அவர் கணவருக்குக்கூடக் காட்டவில்லை. "ஈரல் கெட்டது என்றால் நான் குடிப்பதாக அல்லவா ஊர் பேசும், ஐயா? கள்ளை நான் கையாலும் தொட்டதில்லையே" என்று கண் கலங்கினார்.

அவர் அஞ்சியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தோட்டங்களிலே கள்ளும் சம்சுவும் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தன என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. மது கல்லீரலைக் கெடுக்கும் என்பதில் ஐயமேயில்லை. கொழுப்புப் படிந்துவிட்டவர்கள் அதனை அறவே விட்டொழிப்பதே நன்று. ஆயினும், மதுவைத் தொடாதவர்க்கும் இந்நோய் வரும். மாவுப்பொருளும் சர்க்கரையும் தேவைக்கு மிஞ்சி உடலிற் சேருமானால், அம்மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தன்னுள்ளேயே தேக்கிக்கொள்கிறது. நீரிழிவும் தொந்தியும் உடையவர்களிடம் இது மிகுதி. 2023ஆம் ஆண்டில் உலகின் கல்லீரல் மருத்துவர் சங்கங்கள் பல கூடி இந்நோயின் பெயரையே மாற்றின. பழைய ஆங்கிலப் பெயரில் மதுவைக் குறிக்கும் சொல்லும் கொழுப்பைக் குறிக்கும் சொல்லும் இருந்தமையால் நோயாளிகள் தலைகுனிவுக்கு ஆளாகின்றனர் என்பதும் அதற்கொரு காரணம். அந்த அம்மையாரின் கண்ணீர் அவர் ஒருவருடையது அன்று என்பது இதனால் விளங்கும்.

நம்மவரிடையே இந்நோய் பெருகுவது ஏன்? நம் பாட்டனாரும் தந்தையாரும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, காண்டாவில் பால் வாளிகளைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கினார்கள். அவர்கள் உண்ட சோறு நண்பகலுக்குள் வியர்வையாகிவிடும். இன்று நிரைவரைக்கும் மோட்டார் சைக்கிளிற் செல்கிறோம். பலர் தோட்டத்தைவிட்டுத் தொழிற்சாலைக்கும் காவற்பணிக்கும் சென்றுவிட்டார்கள். வேலை மாறியது, சோற்றின் அளவு மாறவில்லை. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டிலுள்ள பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். (ஊர் ஊராகச் சென்று உரையாற்றி, அங்கங்கே வடையும் தேநீரும் உண்ணும் நம் போன்ற அலுவலர்களும் இக்கணக்கில் அடக்கம்.)

இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. மஞ்சட்காமாலை காணட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பது தவறு. மரம் வெட்டுவோருக்கு இதனை விளக்குவது எளிது. உளி மேற்பட்டையோடு நின்றால், சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்து மீண்டும் பால் தரும். கட்டையிற் பட்டுக் காயமானாலோ, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு ஒழுங்காக வெட்ட இயலாது. கல்லீரலும் அவ்வாறே. கொழுப்பு மட்டும் படிந்த நிலையிலிருந்து அது மீளும். அழற்சி முற்றித் தழும்பேறிச் சுருங்கிய பின்னர் மீட்பது அரிது.

மீள்வதற்கு மாத்திரையைக் காட்டிலும் எடைக் குறைப்பே முதன்மையானது. உடலெடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே ஈரற்கொழுப்பு இறங்கத் தொடங்கும். பத்தில் ஒரு பங்கு வரை குறைந்தால் அழற்சியும் தணியக்கூடும். எண்பது கிலோ உடையவர் முதலில் நான்கு கிலோ குறைக்க முயலட்டும். பட்டினி கிடந்து விரைவாக இளைப்பது ஈரலுக்கே தீங்காகும். மெல்ல மெல்லக் குறைப்பதே முறை. நமது சுகாதார அமைச்சு கூறும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையை வீட்டுத் தட்டிலேயே கடைப்பிடிக்கலாம்: காற்பங்கு சோறு, காற்பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப்பங்கு காய்கறியும் பழமும். முருங்கைக்கீரையும் பயற்றங்காயும் வீட்டோரத்தில் விளையும்போது இதற்குப் பெருஞ்செலவு ஏது?

உண்மையில், சோற்றைக் காட்டிலும் நாம் அஞ்சுவது தேநீரைத்தான். டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. நாளொன்றுக்கு நான்கு குவளை தே தாரேக் அருந்துவோர், தாம் அருந்தும் சர்க்கரையை ஒருநாள் ஒரு கிண்ணத்தில் கொட்டிப் பார்க்கட்டும்! சர்க்கரையில்லாக் கறுப்புக் காப்பி ஈரலுக்கு நன்மை பயக்கும் என்று ஆய்வுகள் கூறுகின்றன. அத்துடன் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம், மூச்சு சற்று வாங்கும்படி நடத்தல் வேண்டும்.

ஈரலைக் கழுவும் என்று விற்கப்படும் பொடிகளையும் ஜாமுவையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டா. அவற்றுட் சில ஈரலையே தாக்கும். நீரிழிவு மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செண்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 செண்டிமீட்டருக்கும் மேற்படுமாயின், அரசாங்கக் கிளினிக்கிற்குச் சென்று இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகள் இருந்தால், ஒளிக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அந்த அம்மையார் தம் சீட்டைக் கணவரிடம் காட்டிவிட்டார். மாலைதோறும் இருவரும் சேர்ந்தே நடக்கிறார்களாம். கணவருக்கும் சர்க்கரை இருந்தது பரிசோதனையில் தெரிந்ததாம்.

அளவு நாடா மேசைமீது உள்ளது. தேநீர் இன்று பாலும் சர்க்கரையுமின்றி வைக்கப்பட்டிருக்கிறது. முகம் சுளிக்காமல் அருந்துவீர்கள் என நம்புகிறோம்.